மழையை விசாரித்துச் சுடுபவர்

"உங்க பக்கம் மழை எப்படிங்க?" என்று இரண்டே விரலால் தட்டி அனுப்பிவிட்டு, ஆர்லோ டோலஃப்சன் ஒரு பிடி சோளப்பொரியை வாயில் போட்டுக்கொள்கிறார். கணினி ஆட்டத்தில் அவருடைய எதிரி, வேறொரு ஊர்க் கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மழையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் சும்மா இருக்கத் தெரியாதவர். பதில் தட்டத் தொடங்குகிறார். முடிப்பதற்குள் அவருடைய கப்பல் பொடிப்பொடியாகிவிடுகிறது. "மன்னிக்கணும், பேச்சுல குறுக்கிட்டுட்டேன்" என்று ஆர்லோ எழுதுகிறார். மனதார எழுதுகிறார், அதுதான் வேடிக்கை.

அந்தப் பல்கலைக்கழகக் கணினி அறையின் கறுப்புத் திரையில் படம் என்று எதுவும் கிடையாது. பச்சை எழுத்தும் எண்ணும்தான் விண்வெளி. எதிரி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று ஒரு வரி சொல்லும், மீதியை மனதில் வரைந்துகொள்ள வேண்டியது. கப்பலைத் திருப்புவதும் சுடுவதும் பேசுவதும் ஒரே விசைப்பலகையில். பேச உட்கார்ந்துவிட்டால் கப்பல், வண்டிக்காரன் தூங்கிப்போன மாட்டுவண்டிபோல நேரே போய்க்கொண்டிருக்கும். இது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் சாகிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது அந்தச் சோளச் சீமையில் மரியாதைக் குறைவு.

ஆர்லோவுக்கு முப்பது நெருங்குகிறது. உயிரியல் படிக்க வந்து மண்ணியலுக்கு மாறினார். இப்போது என்ன படிக்கிறார் என்று கேட்பதை அவருடைய அம்மாவே நிறுத்திவிட்டார். மதியத்துக்கு ஆர்லோ, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகவைத்த ஒரு பெரிய பாத்திரத்தோடு வருவார். யாருடைய கப்பல் வெடித்தாலும் முதல் கரண்டி அந்தத் தோற்றவருக்குத்தான்.

மற்றவர்கள் கப்பலுக்குக் கொலைவாள், பேரிடி என்று பெயர் வைப்பார்கள். ஆர்லோவின் கப்பல் மேபல். அவர்கள் பண்ணையில் வளர்ந்து மாவட்டச் சந்தையில் பரிசு வாங்கிய பன்றியின் பெயர். போன அறுவடைக் காலத்தில் பிறந்த கப்பல் இன்னும் உயிரோடிருக்கிறது, பட்டியலில் முதலிடம். வெடித்தால் மறுபிறவி கிடையாது. சேர்த்த பலமெல்லாம் போய், பெயரும் அழிந்துவிடும். அவர் எதிலாவது முதலாவதாக நிற்பது வாழ்க்கையிலேயே இதில்தான். காலையில் வந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றுவார். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், பிடித்தும் போகும்.

புதிதாக வருபவர்களுக்கு அவருடைய யோசனை கேட்காமலே கிடைக்கும். "துரத்தாதீங்க. துரத்துறவன் நேரா வருவான். வழியில ஒரு வெடியப் போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போங்க, அவனா வந்து முட்டிக்குவான்." "கேடயத்த எந்நேரமும் தூக்கிப் பிடிக்காதீங்க, சக்தியெல்லாம் குடிச்சிரும். அப்புறம் எதை வெச்சு ஓடுவீங்க?" "ஓடுறது ஒண்ணும் கேவலம் இல்ல. ஓடினவன் நாளைக்கும் வருவான்ல?"

"முக்கியமானத விட்டுட்டியேய்யா. வெக்கமே இல்லாம குசலம் விசாரிக்கணும், அதையும் சொல்லு!" என்பார் பக்கத்து இருக்கை ஜாய்ஸ் ஃபைஃபர். கால்நடை மருத்துவம் படிப்பவர், மேபலிடம் பலமுறை உயிரைவிட்டவர்.

இந்த வாரம் விசாரிக்கவே தேவையில்லாதபடி மழை ஊற்றியது. அவர்கள் இருக்கும் விண்டல் ஊரின் தென்பாலத்தருகே ஆறு கரையை உடைத்தது. பாலத்துக்கு அப்பால் தொலைபேசி அறுந்து கிடந்தது. இன்று பிற்பகல் 'கொடுவாள்' என்ற கப்பல் மேபலைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அடித்த அடியில் இரண்டுக்குமே கேடயம் போயிற்று. முதலில் சுடுபவர் பிழைப்பார், மற்றவர் சாம்பல். ஆர்லோ சுட விரலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் கொடுவாளிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

"நீங்க விண்டல் ஊர்லேர்ந்துதானே ஆடுறீங்க? எங்கப்பா தென்பாலத்துக்கு அந்தப் பக்கம், தானியக் கிடங்குக்குப் பின்னாடி தனியா இருக்காரு. காலையிலேர்ந்து போன் போகல. அங்க தண்ணி ஏறிருச்சா?"

ஜாய்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உன் தூண்டில உனக்கே போடுறான்யா! நீ மழையக் கேட்ட, அவன் அப்பனையே கொண்டாந்துட்டான். சுடு!"

"அங்க கிடங்கு நிஜமாவே இருக்கே, ஜாய்ஸ்."

"எந்த ஊர்லய்யா கிடங்கு இல்ல? சுடுன்னா!"

கொடுவாள் விலகாமல் நேரே வந்துகொண்டிருந்தது. இவ்வளவு சுலபமான குறி ஆர்லோவுக்கு இதுவரை கிடைத்ததில்லை. பட்டியலில் மேபலின் பெயரும் அவர் கண்முன் வந்து போனது.

"பொய்யா இருந்தா ஒரு பன்னிதான் போகும்" என்று சொல்லிவிட்டுத் தட்டத் தொடங்கினார். 'அப்பா பேர் என்னங்க?'

'ஆஸ்கர் லின்ட். காது கேக்காது, கதவ பலமாத் தட்டணும்.'

'போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். எங்கயும் போயிராதீங்க.'

சண்டை நடுவே கப்பலை நிறுத்திவைக்க அந்த ஆட்டத்தில் வழியில்லை. மேபல் ஆளில்லாமல், கேடயமில்லாமல், நேரே போய்க்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் ஜாய்ஸ் சுடுவிசையை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கையில் ஜாய்ஸின் மழைக்கோட்டை எடுத்துத் திணித்தார் ஆர்லோ.

"கார் உன்கிட்டதானே இருக்கு? எந்திரி."