கட்டங்கள் நீக்கப்பட வேண்டும்

செகந்திராபாத்தை ஒட்டிய மல்லாபூரில் பிரஷர் குக்கர் செய்கிற ஒரு தொழிற்சாலையின் மாடியறையில் பிந்துவும் தண்டபாணியும் ஒன்பது வருஷம் நாலடி இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முன்னால், கம்ப்யூட்டருக்கு எதிரில். அவர் பின்னால், அவள் பிடரியைப் பார்த்தபடி. ஒன்பது வருஷத்தில் ஒருவருக்கொருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டதில்லை.

அதற்கு முன் பிந்து ஏழு வருஷம் கீழே பேக்கிங்கில் இருந்தவள். அங்கே ஒரு சட்டம் உண்டு. எந்த அட்டைப்பெட்டியும் உள்ளே ஒரு சீட்டு இல்லாமல் கதவைத் தாண்டாது. மூடி, கேஸ்கெட், வெயிட், எல்லாம் சரி என்று கட்டியவள் கையெழுத்துப் போட வேண்டும். வெயிட் இல்லாத குக்கர் ஒன்று கம்மம் ஊர்க் கடையிலிருந்து திரும்பி வந்தால், சீட்டை எடுத்துப் பார்த்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தப்புக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பது பிந்துவுக்கு அங்கேதான் ஊறியது.

செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவளுடையது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படங்களைத் திருத்தக் கற்றுக்கொண்டாள். கேட்டலாக் வேலைக்கு வெளியே ஆள் தேடலாமா என்று முதலாளி ஜெகநாதன் யோசித்தபோது, “நான் செய்றேன் சார்” என்று பேக்கிங் கோட்டோடு போய் நின்றாள். செய்தும் காட்டினாள்.

வேலை இதுதான். குக்கரை மேஜையில் வைத்துப் படம் எடுப்பார்கள். பிந்து அதன் விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு இழுத்து, பின்னால் இருக்கிற துணி, சுவர், நிழல் எல்லாவற்றையும் கழற்றுவாள். கைப்பிடிக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடுக்கைக்கூட விடமாட்டாள். கழற்றி முடித்தால் குக்கரைச் சுற்றிச் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். இங்கே ஒன்றும் இல்லை, எந்த நிறத்தின் மேல் வைத்தாலும் அந்த நிறமே தெரியும் என்பதற்கு அந்த மென்பொருள் காட்டுகிற அடையாளம் அது. அச்சில் வராது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் தீபாவளி கழிந்து, கோயம்புத்தூரிலிருந்து மார்க்கெட்டிங் மேனேஜராகத் தண்டபாணி வந்தார். அவர் மச்சினன் இதே ஊரில் கச்சிபௌலியில் டிசைன் ஸ்டுடியோ வைத்திருந்தான். படவேலை அங்கே போக வேண்டும் என்று வந்த மறுநாளே முடிவு செய்துவிட்டார். காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

“ஒண்ணாந்தேதியிலிருந்து நீங்க கீழயே போயிருங் அம்மணி. பொட்டி ஒட்ட ஆள் பத்தலையாமா,” என்றார் டிசம்பர் பாதியில். “முதலாளிகிட்டச் சொல்லீட்டேன். இந்த நுமாயிஷ் பேனர் மட்டும் முடிச்சுக் குடுங்க. அதுலயும் ஏதாச்சும் சொதப்புனீங்கன்னா பேச்சே இல்லை.”

நாம்பள்ளியில் ஜனவரி ஒன்றாம் தேதி நுமாயிஷ் பொருட்காட்சி தொடங்கும். கம்பெனிக்கு அங்கே ஒரு கடை. பின்சுவர் முழுக்கச் சிவப்பு பேனர், அதன் மேல் பன்னிரண்டு குக்கர். சிவப்பை பேனர் அடிப்பவர்கள் தயாராக வைத்திருந்தார்கள். பிந்து கொடுக்கும் படங்களை அதன் மேல் வைத்து அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி.

பன்னிரண்டையும் முடித்த அன்று தண்டபாணி வந்து திரையில் குனிந்தார்.

“இதென்னுங் அம்மணி, கட்டங் கட்டமா?”

“அது ஒண்ணுமில்ல சார்.”

“கண்ணு முன்னால கெடக்குது. ஒண்ணுமில்லீங்கறீங்க?”

“ஒண்ணுமில்லாத எடத்தைத்தான் சார் அப்படிக் காட்டும். அது...”

“பாடம் எடுக்காதீங்க. நாம குக்கர் விக்கறமா, லுங்கி விக்கறமா?”

பக்கத்து அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிந்துவுக்குக் காது சூடானது.

“கைக்கு சார் கத்துறீங்க? சொல்றதைக் கேளுங்க.” ஏன் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் ‘கைக்கு’.

“கைக்காமா, கைக்கு! பேசற தமிழே அரைவேக்காடு. வேலை மட்டும் வெந்திருக்குமாக்கும்? கட்டத்தையெல்லாம் எடுத்துப்போட்டு வெள்ளையா வையுங்க, சுத்தமா இருக்கட்டும்.”

வெள்ளையாக நிரப்பினால் அது வெள்ளைதான். சிவப்பின் மேல் வைத்தால் ஒவ்வொரு குக்கரும் வெள்ளைப் பெட்டிக்குள் உட்காரும். இதைச் சொல்ல வாயைத் திறந்தாள் பிந்து. அவர் முகத்தில் இருந்த அந்தச் சின்னச் சிரிப்பைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

“எழுதிக் குடுங்க சார்.”

“என்னத்தை?”

“இப்ப சொன்னதை. எங்க பேக்கிங்ல சீட்டு இல்லாம எதுவும் போகாது.”

தண்டபாணிக்கு அது வேடிக்கையாக இருந்தது. ‘படங்களில் உள்ள கட்டங்கள் நீக்கப்பட வேண்டும். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

பிந்து கட்டமுள்ள பன்னிரண்டு படங்களையும் ஒரு சிடியில் தனியாக ஏற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு வெள்ளையை நிரப்பினாள். பேனர் அடிக்கிற இடத்துக்குப் படங்களை அனுப்ப மாடிப்படி இறங்கும்போது ஜெகநாதனின் அறைக்கதவு திறந்தே இருந்தது. அவர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் போதும், சொல்லிவிடலாம். பிந்து அந்தக் கதவைத் தாண்டி நடந்தாள். விழட்டும். எல்லார் கண்ணெதிரே விழட்டும்.

முப்பதாம் தேதி காலை பேனர் வந்தது. அதை விரிக்கிற அளவுக்குத் தரை பேக்கிங் ஹாலில்தான் இருந்தது. அங்கே விரித்தார்கள். இரத்தச் சிவப்பு. அதன் மேல் பன்னிரண்டு வெள்ளைப் பெட்டி, பெட்டிக்கு ஒரு குக்கர்.

பேக்கிங்கில் இருந்த சபீனாதான் முதலில் வாயைத் திறந்தாள். “யா அல்லா! குக்கருக்கெல்லாம் பொணத்துக்குச் சுத்துற மாதிரி கஃபன் சுத்திட்டாங்களா?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஜெகநாதன் சிரிக்கவில்லை. தண்டபாணி முந்திக்கொண்டார். “பாத்தீங்களாங் சார்? இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். பொட்டி ஒட்டற கையில இதைக் குடுத்தா இப்படித்தானுங்க.”

பிந்து தாளை ஜெகநாதனிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். தண்டபாணியிடம் நீட்டினார்.

“உங்க கையெழுத்தா?”

“ஆமாங்... ஆனா சார், இந்த மாதிரி ஆகும்னு...”

“ஆகும்னு தெரியாது. தெரியாத விஷயத்துல கையெழுத்து மட்டும் பெருசாப் போட்டிருக்கீங்க.”

பிந்துவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதற்குள் ஜெகநாதன் அவள் பக்கம் திரும்பிவிட்டார்.

“சிவப்பு மேல வைக்கப்போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“இப்படி விழும்னு?”

பொய் சொல்லியிருக்கலாம்.

“ஹவ் சார்,” என்று ஒப்புக்கொண்டாள்.

“இவர்கிட்ட அதைச் சொன்னியா?”

“கட்டத்தைப் பத்திச் சொன்னேன். சிவப்பைப் பத்திச் சொல்லல.”

“என்கிட்ட?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“நல்ல படம் இருக்கா, அழிச்சுட்டியா?”

“சிடியில இருக்கு சார். பன்னெண்டும்.”

“சபாஷ்,” என்றார் ஜெகநாதன். கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது அது. “மருந்தைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் வேடிக்கை பாத்திருக்கே.”

அன்று மத்தியானமே சிடி போனது. மறுநாள் மாலை புது பேனர் கடைச் சுவரில் ஏறியது. சிவப்பின் மேல் பன்னிரண்டு குக்கரும் பளிச்சென்று நின்றன, கைப்பிடிச் சந்துக்குள்ளும் சிவப்பு தெரிந்தது.

ஒன்றாம் தேதி ஜெகநாதன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். “மச்சினனுக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க தண்டபாணி, இங்கேயே ஆள் இருக்கு. பிந்து மாடியிலதான் இருப்பா.” பிறகு அவளைப் பார்த்தார். “ஆனா உன்னை நம்பறது முடிஞ்சுபோச்சு. இனிமே உன் கையைவிட்டுப் போற ஒவ்வொரு படத்தோடயும் ஒரு சீட்டு வரணும். ‘எனக்குத் தெரிந்து இதில் எந்தத் தவறும் இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இவர் அதை வாங்கி ஃபைல் பண்ணுவார். உன் பின்னாடியே மேஜையைப் போட்டுக்கட்டும்.”

பிந்துவுக்கு இடம் மிஞ்சியது. பிடரிக்குப் பின்னால் தண்டபாணியும் மிஞ்சினார்.

அவர் சொல்ல வேண்டியதை எழுதித்தான் தருவார். எழுதாமல் வாய் திறந்தால் அவள் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டுவாள், தாள் எங்கே என்று. அவர் வாய்விட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று. “சீட்டு எங்கீங் அம்மணி?” நாளுக்கு மூன்று முறை, நாலு முறை. சபீனா மாடிக்கு வந்தால், “உங்க ரெண்டு பேருக்கும் கோர்ட்டு எங்கே நடக்குது, இங்கேயேவா?” என்பாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தண்டபாணிக்குச் சென்னைக் கிளைக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழா மேடைக்கு அவர் படம் வேண்டியிருந்தது. தன் படத்தைத் தானே கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். கூடவே தாள்: ‘பின்னணியை நீக்கவும். கட்டங்கள் இருக்கலாம்.’

பிந்து அதை இரண்டு முறை படித்தாள். சிரிக்கவில்லை.

அவரைச் சுற்றிக் கோடு இழுத்துச் சுவரைக் கழற்றினாள். பெரிதாக்கிப் பார்த்தபோது வலது காதோரம் பழைய சுவரின் பச்சை மயிரிழையாக ஒட்டியிருந்தது. மேடைப் படம் ஆளுயரத்துக்கு வரும். ஊரே பார்க்கும், காதில் பாசி பிடித்ததுபோல். அப்படியே சேமித்தாள். சீட்டை எடுத்து ‘எனக்குத் தெரிந்து’ என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் அந்த இரண்டு வார்த்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்காலி முனகியது.

பேனாவை வைத்துவிட்டுப் படத்தைத் திரும்பத் திறந்தாள். பச்சையைப் புள்ளி புள்ளியாக எடுத்தாள். இருபது நிமிஷம் ஆனது. அவருக்காக அவள் செலவு செய்த நேரத்தில் அதுதான் அவளுக்கு மிகவும் எரிச்சலூட்டிய நேரம். பிறகு மீதி வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“சீட்டு எங்கீங் அம்மணி?”

திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேல் நீட்டினாள்.