அம்மா வையாத வசவு

அன்று ஸ்டேஷனில் இருந்தவர்கள்: அம்மா. அவள் பக்கத்தில் நான், நாலாம் வகுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மாமா. நாற்காலியில் ஏட்டு. மேசையில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர்.

காலையில் டவுண் ரதவீதியில் ஏட்டு எங்கள் பழக்கூடையை ஓரமாக வைக்கச் சொன்னார். அம்மா நகர்த்தினாள். அது போதவில்லை போலிருக்கிறது. பூட்ஸ் காலால் எத்திவிட்டார். களக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் கொண்டுவந்த ஏத்தன் வாழைப்பழம் ரோட்டில் நசுங்கிக் கிடந்தது. "எத்தின காலு வெளங்காதுலே" என்று அம்மா வைதாள். சத்தமாகத்தான் வைதாள். தெருவே கேட்டது.

எழுதி முடித்தவர் காகிதத்தை நீட்டினார்.

"கைநாட்டு வைம்மா. கோர்ட்டுல ஆமான்னு சொல்லி அபராதத்தக் கட்டு. சோலி முடிஞ்சிது."

"என்ன எழுதிருக்கு?"

"நீ வஞ்சதுதான்."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தை வாங்கி என்னிடம் தந்தாள். "ஏட்டி, படி."

பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். ரதவீதி வந்தது, பழக்கூடை வந்தது. பிறகு ஏட்டைப் பெற்றவளைப் பற்றி மூன்று வார்த்தை. அர்த்தம் தெரியாது. மூன்றையும் திருத்தமாகப் படித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். எழுதியவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் வசவு இல்ல. லேன்னு சொன்னேன், காலு வெளங்காதுன்னு சொன்னேன். அத எழுதுங்க, பத்து வெரலையும் வைக்கேன்."

ஏட்டு சிரித்தார். "அதுக்குக் கேஸ் நிக்காதும்மா. கெட்ட வார்த்த இருந்தாத்தான் அந்தச் செக்‌ஷன்."

"அப்ப நிக்க வேண்டாம்."

மாமா உள்ளே வந்தார். "ஏளா, கட்டிட்டுப் போயிருவோம். ஊருல ஒருத்தருக்கும் தெரியாது."

"என் பிள்ளைக்குத் தெரியும்லா."

கைநாட்டு இல்லாமலே கேஸைப் போட்டார்கள். பாளையங்கோட்டை கோர்ட்டில் நீதிபதி கேட்டார், குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று. "வஞ்சது நெசம். அதுல எழுதுனது பொய்" என்றாள். வாய்தா போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள். வாய்தா நாளில் கூடையோடு போய் கோர்ட் வாசலில் விற்றாள். ஏட்டு சாட்சி சொல்ல வந்த அன்று கூடை நடுவழியில் இருந்தது. அவர்தான் சுற்றிக்கொண்டு போனார்.

கடைசியில் விடுதலை என்றார்கள்.

அவ்வளவு நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. நான் தப்பாகப் படித்துவிட்டேன், அதனால்தான் அம்மாவுக்கு இந்த அலைச்சல் என்று. ஒருமுறை கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் சொன்னேன், "இப்ப நல்லாப் படிப்பேம்மா. அந்தத் தாளக் குடுத்தா சரியாப் படிச்சிருவேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மொத்தம் இருபத்தாறு வாய்தா.