கார்டோடு நேரில் வரவும்

பனமலைப் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை பயிரிடுகிற தேவநாதன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் தென்னரசு. நூலக அறிவியலில் முதுகலை. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நூலகர் வேலை கிடைத்தபோது, ஊருக்கு அதில் 'மருத்துவ' என்கிற பாதியே போதுமாக இருந்தது. லீவில் போனால் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துக்கினு வந்துவிடுவார்கள். நான் டாக்டர் இல்லீங்க, டாக்டருங்க படிக்கிறதைத் தேடிக் கொடுக்கிறவன் என்று விளக்குவான். அதைச் சொல்வதில் அவனுக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. உள்ளுக்குள் ஒரு மிதப்புதான்.

தேடிக் கொடுக்கத்தான் செய்தான். மேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேட்டுக்குக் கட்டுரை கேட்டு அவன் மேசைக்கு முன்னால் காத்து நிற்பார்கள். குழந்தை மருத்துவம் படித்த அஸ்வினி, ஓ.பி. முடிந்த கையோடு வருவாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடுவது என்று அவனோடு மல்லுக்கு நிற்பாள். காய்ச்சல் என்று மட்டும் கொடுத்தால் கடல் மாதிரி கொட்டும், வலிப்பைச் சேருங்கள் என்பாள். அவன் குழந்தையின் வயதைச் சேர்ப்பான். ஆயிரக்கணக்கில் கிடந்தது ஒரு பக்கத்துக்குள் சுருங்கி வரும்போது இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே அவன் மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பான்.

அதைக் கெடுத்ததும் அவன்தான். எங்கிருந்தாலும் செல்போனிலேயே நூலகத்துக்குள் நுழைகிற ரிமோட் ஆக்சஸ் வசதியை, நிர்வாகத்தோடு ஓராண்டு போராடி அவன்தான் கொண்டுவந்தான். அறிமுகக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இனிமே நீங்க லைப்ரரிக்கு வரத் தேவையில்ல, லைப்ரரி உங்களத் தேடி வரும்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அஸ்வினியும் தட்டினாள்.

சொன்னபடியே ஆயிற்று. கட்டுரைகள் ஹாஸ்டல் கட்டிலுக்குப் போயின. ஆய்வேட்டில் காப்பியடித்த வரி உண்டா என்று பார்க்கிற திருட்டு எழுத்துச் சோதனை ரிப்போர்ட் மெயிலில் போனது. சின்னச் சின்ன சந்தேகங்களுக்கு, அவன் வைத்துக் கொடுத்த ஏ.ஐ. சாட் பெட்டியே பதில் சொன்னது. பயன்பாடு மூன்று மடங்கு ஏறிவிட்டதென்று நிர்வாகம் பாராட்டியது. வாசிப்பு அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

கவுன்ட்டரில் இருக்கும் டயானா அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "வர்றவங்களயெல்லாம் நீங்களே வெரட்டி வுட்டுட்டு, இப்ப வாசலப் பாத்துக்கினு இருக்கீங்களே சார்" என்றாள். அவன் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இதற்கிடையில் அஸ்வினிக்கு மூன்று மாத மாவட்டப் பணி வந்தது. மேற்படிப்புக்காரர்கள் எல்லோரும் வெளி ஆஸ்பத்திரி ஒன்றில் போய் வேலை பார்த்தாக வேண்டும். அவளுக்குச் சொந்த ஊரான திண்டிவனத்து அரசு ஆஸ்பத்திரியே கிடைத்துவிட்டது. போகும்போது சொல்லிவிட்டுப் போகக்கூட நூலகத்துப் பக்கம் வரவில்லை. வர வேண்டிய வேலை என்ன இருந்தது?

அவள் நம்பர் அவனிடம் இருந்தது. ஆனால் ஒரு டாக்டருக்கு போன் போட நூலகருக்கு ஒரு காரணம் வேண்டாமா? அந்தக் காரணங்களைத்தான் அவனே ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டிருந்தானே.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிமோட் ஆக்சஸ் லாகினைப் புதுப்பிக்க வேண்டும். அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்பது விதி. வெளியூர்ப் பணியில் இருப்பவர்கள் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று அவனே விட்டுவிடுவான். இந்த முறையும் எல்லோருடைய படமும் வந்தது. ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தவன், அஸ்வினி பெயரில் நின்றான். அவள் படமும்தான் வந்திருந்தது. டிக் அடிக்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டான். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு அவள் லாகினைப் பூட்டிவிட்டுச் செய்தி அனுப்பியது: கார்டோடு நேரில் வரவும்.

வியாழக்கிழமை வந்தாள். இரவு டியூட்டி முடித்து, பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்த முகம். ஆய்வேட்டை வாரக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும், ரெண்டு நாளாக ஒரு கட்டுரையும் திறக்கவில்லை என்றாள். அவன் நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை. இத்தனை மாதமாக என்னென்னவோ பேசுவதாக நினைத்துவைத்திருந்தவன், அட்டையை வாங்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அட்டையைத் திருப்பி வாங்கும்போதுதான் கேட்டாள். "என்கூட படிக்கிற பிரவீன்குமாருக்கு படம் அனுப்பினதுக்கே பண்ணிக் குடுத்தீங்களாம். எனக்கு மட்டும் ஏன் சார்?"

சிஸ்டம் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள். அவனுக்குப் பொய் வரவில்லை.

"நீங்க வருவீங்கன்னுதான்" என்றான்.

கவுன்ட்டரில் டயானா அக்கா முத்திரை குத்துவதை நிறுத்தினாள். அஸ்வினி அவனையே பார்த்தாள். கோபமா, தூக்கமா, வேறு ஏதாவதா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

"வரணும்னா கூப்பிட்டிருக்கலாமே சார். கதவ சாத்திட்டுத்தான் கூப்பிடணுமா?"

பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டியில் விடட்டுமா என்று கேட்க நினைத்து எழுந்தான். அதற்குள் அவள் ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்த வார்த்தை அவனைக் குடைந்தது. அவள் திட்டியதாகவும் வைத்துக்கொள்ளலாம். கூப்பிடச் சொன்னதாகவும் வைத்துக்கொள்ளலாம். முதலாவது என்றே மனசை அடக்கி வைத்தான். அது அடங்குவதாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் போன் போட்டான்.

"என்ன சார், திரும்பவும் லாக் ஆயிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம்?"

"சும்மாதான் கூப்பிட்டேன். உங்கள அலைய வெச்சது தப்பு. அதையும் சொல்லணும்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யாரோ ஊசி கேட்டார்கள். அவள் வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். வைக்கவில்லை.

"வார்டுல இருக்கேன்" என்றாள் கடைசியில். "முடிச்சிட்டு நானே கூப்பிடறேன்."

டயானா அக்கா ஜன்னல்களைச் சாத்திவிட்டு சாவிக்கொத்தோடு வந்து நின்றாள். நீங்க போங்க, நான் பூட்டிக்கறேன் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்ததும் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். தென்னரசு ஏ.சி.யை நிறுத்தினான். போன் அடித்தால் கேட்க வேண்டுமே.