ஒரே ஒரு ஹெல்மெட்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஹெல்மெட் விழிப்புணர்வுக் கூட்டம். தொகுப்பாளர் நான், என் ஜோக்குக்கு நானே முதலில் சிரித்துவிடுவேன். விபத்தில் தப்பியவர் என்று நரைத்த மீசைக்காரர் ஒருவரை அழைத்திருந்தார்கள். மடியில் வைத்திருந்த கீறல் விழுந்த ஹெல்மெட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். முறை வந்ததும், "இதுதான் என்னியக் காப்பாத்துச்சு" என்று ஒரே வரி பேசிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்குப் போதவில்லை. அவர் பக்கம் குனிந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளைக அழ வேண்டாமா?"

"வீட்ல ஒரு ஹெல்மெட்டுதாம் வே இருந்துச்சு. நான் போட்டுக்கிட்டேன். பின்னால இருந்த எம் பொஞ்சாதி போயிட்டா. அதையும் சொல்லணுமா?"

என் கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. அவர் ஒலிபெருக்கியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட, இன்றைக்கு நிம்மதியாக ஜோக் சொல்லிக்கொண்டிருப்பேன்.