சிஞ்ஞோரேயின் கால் கழுவிய தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வீட்டில் நேர்த்திக்கடன்கூட மனைவி ராஜிதான் வைப்பாள். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்து வியா மக்வேதா தெருப் பக்கம் ஒரு அயர்லாந்துக்காரரை இரண்டு வருடம் பராமரித்தேன். ஆங்கில வாத்தியாராக வந்து, இங்கேயே கலியாணம் செய்து, மனைவியையும் இழந்தவர். 'சிஞ்ஞோரே', அதாவது ஐயா, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நான் சேருவதற்கு முன்பே பாரிசவாதம் வந்து பேச்சும் கைகளும் போய்விட்டன. என்ன மனிதர் தெரியுமா, ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

தினமும் நாலு மணிக்கு நீலப் பேசினில் வெந்நீர் விட்டு அவருடைய கால்களைக் கழுவுவேன். நம்பினால் நம்புங்கள், கால் பட்டதும் தண்ணீர் பால் விடாத பிளேன்டீ நிறமாகிவிடும். ராஜியிடம் சொன்னேன்.

"பைப் துருப்பிடிச்சிருக்கும். அதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறியள்?" என்றாள்.

துருவுக்கு நனைந்த புல்லின் வாசம் வருமா? அதோடு அந்தக் கால்களைப் பிடித்திருக்கும்போது என் கண்ணுக்குள் ஒரு ஆறு ஓடும். சின்ன ஆறுதான், ஓடிவந்தால் ஒரே பாய்ச்சலில் தாண்டலாம். பாசி பிடித்த கல்பாலம், இரண்டு வளைவு கழித்துத் தண்ணீர்மேல் சாய்ந்த மரம், அதன் கீழ் ஒரு தட்டைக் கல், கல்லில் வாலாட்டும் ஒரு குருவி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஓரேத்தோ ஆற்றைத் தினமும் பஸ்ஸில் கடந்தும் திரும்பிப் பார்க்காத நான், இந்த ஆற்றில் சொக்கிப்போனேன். நிமிர்ந்து பார்த்தால் சிஞ்ஞோரே பாதி வாயால் சிரித்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் அவர் இறந்தார். சாம்பலைத் தன் ஊர் ஆற்றில், 'என்னுடைய இடத்தில்' கரைக்கச் சொல்லி, கை விழுவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார். எனக்கு அந்த ஆசை நன்றாகவே விளங்கியது. "என்ரை சாம்பல் ஊரிலை, வவுனிக்குளத்திலைதான் கரைய வேணும்" என்று நானும் ராஜியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எந்த இடம் என்று அவருடைய மகள் நோராவுக்குத் தெரியவில்லை. அயர்லாந்து ஆற்றங்கரையில் நின்று வீடியோவில் என்னை அழைத்தாள், அப்பா உங்களுக்கு ஏதாவது காட்டினாரா என்று கேட்டு அழுதாள். போனைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அதே கல்பாலம்.

"பாலத்தாலை இரண்டு வளைவு நடவுங்கோ, சிஞ்ஞோரா. சாய்ஞ்ச மரம் ஒண்டு வரும். இறங்கேக்கை கவனம், மூண்டாவது கல் ஆடும்."

கல் ஆடியது. கீழே தட்டைக் கல்லில் சிஞ்ஞோரேயின் பெயர், சின்னப் பிள்ளையின் கோணல் எழுத்தில் கீறியிருந்தது.

"அப்பா எப்படிச் சொன்னார்?" என்றாள் நோரா.

"கண்ணாலை" என்றேன். வேறென்ன சொல்வது? சாம்பல் அந்தத் தேநீர் நிறத் தண்ணீரில் போவதைப் பார்த்து நானும் அழுதேன்.

அவருடைய வீட்டைக் காலி செய்தபோது பேசினைக் கேட்டு வாங்கி வந்தேன். போன கிழமை வேலை முடிந்து வந்து அதில் என் கால்களை வைத்தேன். தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. வவுனிக்குளத்துத் தண்ணீர்தான் என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. இல்லை. மங்கிய பச்சை, நாணல் வாசம், கண்ணுக்குள் நான் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஓரேத்தோ பாலம்.

"தண்ணி சுடுதோ?" என்றாள் ராஜி.

"ஓம்" என்று சொல்லித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

கால் விரலிடுக்கில் ஒரு நாணல் இலைத் துண்டு ஒட்டியிருந்தது. பர்ஸில், இந்த நாட்டில் வசிக்க அனுமதி தரும் பெர்மெஸ்ஸோ அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒரு கிழமையாகியும் அது காயவில்லை. ராஜிக்கு இன்னும் காட்டவில்லை.