பிச்சிப்பூ கட்டிய கையும் இருபது யூனிட்டும்

செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. பெண்கள் மெடிக்கல் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் இருந்த இசக்கியம்மாளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து வழிந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும்தான் வந்தது. குளுக்கோமீட்டர் 46 காட்டியது. ஐவி லைன் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கண் திறந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பூ வாடிப் போச்சா மக்களே?"

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் நான் சீனியர் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த கடைசி வருடம் அது. இசக்கியம்மாளின் சர்க்கரை அப்படி இறங்கியதற்குக் காரணம், முந்தைய நாள் நான் நிரப்பிய அட்மிஷன் படிவம். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

1. திங்கட்கிழமை, காலை பத்தேகால்

தோவாளைக்காரர், அங்கே பூச்சந்தையில் பூக் கட்டுகிறவர். வயது எழுபத்தொன்று. பதினான்கு வருடமாகச் சர்க்கரை, வலது காலில் ஆறாத புண். மகள் வடிவு கூட்டி வந்திருந்தாள். அம்மாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பிச்சி மொட்டு. கட்டில் தயாராகும்வரை சும்மா இருக்க மனமில்லாமல், வாழைநாரை எடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். நான் கேள்வி கேட்கக் கேட்க, கை அதன்பாட்டுக்கு ஓடியது.

"கண்ணு நல்லா தெரியுதாம்மா?"

"தெரியாமலா இந்தப் பூ கெட்டுகேன்? நல்லா கேட்டே போ!"

வடிவு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"இன்சுலின் யாரு போட்டு விடுவா?"

"நானேதான். காலையில இருபது. ஒருநாளும் முடங்காது."

பார்வை: நன்று. இன்சுலின்: 20 யூனிட், தானே தவறாமல் போட்டுக்கொள்கிறார். அப்படி எழுதிக் கையெழுத்து வாங்க நீட்டினேன். "எங்க போடணும்னு வெரல வச்சுக் காட்டு" என்றார். வைத்துக் காட்டினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அன்றைய சர்க்கரை 340. டியூட்டி டாக்டர் என் படிவத்தைப் படித்துவிட்டு, "இருபது போட்டும் இப்படின்னா பத்தாது, சிஸ்டர். நாளைக்கு இருபத்தெட்டு போடுங்க" என்றார். எழுதியிருந்ததை நம்பியவர் எடுக்கக்கூடிய சரியான முடிவு அது. செவ்வாய் காலை ஏழரைக்கு அளவு பிசகாமல் இருபத்தெட்டு யூனிட்டைப் போட்டதும் நான்தான்.

2. செவ்வாய், மாலை நான்கு மணி

இருபது போட்டும் 340 இருந்தவருக்கு இருபத்தெட்டில் 46 வரை இறங்குமா என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. வடிவு கீழே கேன்டீனுக்குப் போன நேரம், காலி சிரிஞ்சும் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன்.

"வீட்டுல எப்படி எடுப்பீங்கன்னு காட்டுங்கம்மா."

சிரிஞ்சை முகத்துக்கு நேராகக் கொண்டு போகவே இல்லை. ஊசியை விரலால் தடவிக் குப்பியில் இறக்கினார். பிஸ்டனை இழுத்தார். பிறகு பூச்சரத்தை அளப்பதுபோல, கட்டைவிரல் நகத்தைச் சிரிஞ்சின் மேல் வைத்துப் பார்த்து, "இவ்வளவுதான்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முக்கால்வாசி காற்று. தண்ணீர் எட்டு யூனிட்கூட இல்லை. வீட்டில் இருபது என்று அவர் போட்டுவந்தது இதுதான்.

"எத்தன நாளா கண்ணு தெரியல்ல?"

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"போன ஓணத்துக்கு ஆர்டர் கெட்டும்போவே மங்கல்தான். பூவுக்குக் கண்ணு என்னத்துக்கு? கை பாத்துக்கிடும். வடிவுகிட்ட சொல்லிராத மக்களே. சந்தைக்கு விட மாட்டா. வீட்டுல இருத்திப் போட்டுருவா. அதுக்கு இந்தக் கால வெட்டி எறிஞ்சிரலாம்."

"இன்னும் கொஞ்ச நாளு இப்படியே போட்டா காலும் போவும்மா. நான் மறைக்க முடியாது. ஆனா நானே பேசுகேன்."

தோவாளையில் கண்ணை மூடிக்கொண்டு பூக் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் கட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும், ஓடுகிற விரல்களை வைத்துக் கண்ணுக்கு மதிப்பெண் போட்டிருந்தேன்.

3. வியாழன்

விஷயத்தைச் சொன்னதும் வடிவுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"ரோட்டுல கையப் பிடிச்சா உதறுவாளே, இப்பல்லா புரியுது! ஏம்மா, எங்கிட்டயே கள்ளத்தனமா?"

"நீ பிடிச்சா சந்தையில நாலு பேரு பாப்பான்."

"பாக்கட்டும்! இனி நீ சந்தைக்குப் போவாண்டாம்."

இசக்கியம்மாள் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மதியம் சாப்பிடவில்லை.

செவ்வாய் மாலையே நான் சொன்னதைக் கேட்டு டாக்டர் அளவைப் பதினான்காகக் குறைத்திருந்தார்; அன்று இன்சுலின் பேனாவுக்கு எழுதிக் கொடுத்தார். அதன் அடிப்பக்கத்தைத் திருகினால் யூனிட்டுக்கு ஒரு 'கிளிக்' சத்தம் வரும். நான் அதை இசக்கியம்மாள் கையில் வைத்தேன். சொல்லிக் கொடுக்க அதிக நேரம் ஆகவில்லை. மொட்டு எண்ணிப் பழகிய விரல்; திருகிக்கொண்டே உதட்டுக்குள் எண்ணினார்.

"பதினாலு. பாரு."

வடிவு வாங்கிப் பார்த்தாள். பதினான்கு. பூஜ்யத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் பதினான்கு. மூன்றாம் முறையும் அதேதான்.

"சரி, போய்க்கோ. ஆனா தெனமும் நம்பர நான் பாத்த பெறவுதான் குத்தணும். பஸ்ஸுலயும் நான் கூட வருவேன். கையப் பிடிப்பேன்."

"பிடி. சந்தை வாசல் வரைக்கும்."

அன்றே நான் என் படிவத்தை எடுத்தேன். தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதியும் நேரமும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். 'பார்வை: நன்று' என்பதன் மேல் அந்தக் கோட்டைப் போட்டேன். அதன்பிறகு எந்த நோயாளியிடமும் "தெரியுதா? போடுவீங்களா?" என்று கேட்டதோடு நிறுத்தியதில்லை. சுவரில் உள்ள காலண்டரைப் படிக்கச் சொல்வேன். சிரிஞ்சைக் கையில் கொடுத்து, "காட்டுங்க" என்பேன். ஐந்து நிமிடம் கூடுதலாகும். ஆகட்டும்.

கண் டாக்டர் பார்த்ததில், இசக்கியம்மாளின் இடது கண்ணின் விழித்திரை கெட்டுப்போயிருந்தது. வலது கண்ணில் இருந்தது புரைதான். பங்குனியில் அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, கால் புண்ணைக் காட்ட இருவரும் வந்தார்கள். புண் ஆறியிருந்தது. இசக்கியம்மாள் நேராக என்னிடம் வந்து, ஒரு முழம் பிச்சியை மேஜைமேல் வைத்துவிட்டு, என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீதானா அது? கொரலக் கேட்டு மெலிஞ்ச பிள்ளையாக்கும்னுல்லா நெனச்சேன்!"