உப்பு ஆகாத கெளுத்தி

அண்ணன் டயாலிசிஸ் முடிந்து நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கியபோது, மாத்திரைப் பையோடு இன்னொரு பிளாஸ்டிக் பையும் வைத்திருந்தார். அதற்குள் தண்ணீர். தண்ணீருக்குள் விரல் நீளத்தில் மீசை வைத்த ஒரு மீன்.

"என்னங்ணா இது?"

"கெளுத்தி ஜாதியாமா. கடைக்காரனுக்கே பேர் தெரியல. அதனாலதான் வாங்குனேன்."

அதுதான் என் அண்ணன். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்ட காலத்திலிருந்தே, நாலு பேர் கிழக்கே கை காட்டினால் அவர் மேற்கேதான் போவார். கல்யாணம் வேண்டாம் என்றார். சிறுநீரகம் கெட்ட பிறகு தங்கை வீட்டுக்கு வரவும் மாட்டேன் என்றார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

பரணில் கிடந்த பழைய கண்ணாடித் தொட்டியில் அதை விட்டோம். மறுநாள் காலையில் மீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. எனக்குப் பகீரென்றது. அவர் எழுந்து பார்ப்பதற்குள் எடுத்துப் போட்டுவிடலாம் என்று டீ வடிகட்டியை உள்ளே விட்டேன். மல்லாந்தபடியே விருட்டென்று நீந்திப் போய் மூலையில் ஒளிந்துகொண்டது. செத்த மீனா அது!

போனில் படம் படமாகத் தேடினேன். எல்லாக் கெளுத்திக்கும் மீசை இருக்கிறது, பாதிக்கு மேல் புள்ளியும் இருக்கிறது. கடைசியில் வயிறுதான் காட்டிக்கொடுத்தது. மற்ற மீன்களுக்கு முதுகு கருப்பு, வயிறு வெளுப்பு. இதற்கு வயிறுதான் கருப்பு. ஆப்பிரிக்கா பக்கத்து ஆற்று மீனாம். தலைகீழாக நீந்துவதுதான் அதன் இயல்பாம்.

சொன்னதும் அண்ணன் சிரித்தார். "அட, நம்மாட்டவே இருக்குது."

குழாய்த் தண்ணீரோடு கேன் தண்ணீர் கலந்து தொட்டியில் ஊற்றினேன். ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தேன். பகலெல்லாம் அதற்குள் மல்லாந்து கிடக்கும். விளக்கை அணைத்தால் வெளியே வந்து மேலே மிதக்கும் தீனியைத் தின்னும். மீனுக்குச் சீக்கு வந்தால் தொட்டியில் கல்லுப்புப் போடுவார்கள், ஆனால் செதிலில்லாத இதற்கு உப்பு ஆகாது என்று படித்ததை வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏனம்மிணி, அதுக்குமா உப்பு கெடையாது? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் தினமும் சோற்றுத் தட்டின் முன்னால் எங்களுக்குச் சண்டைதான். "இது ரசமா, கழனித் தண்ணியா?" என்று தட்டைத் தள்ளுவார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "ஒரு நாளாச்சும் பேசாமத் தின்னுங்ணா" என்று கத்துவேன்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள், மீன் நேராக இருந்தது. முதுகு மேலே, வயிறு கூழாங்கல்லில், ஊரில் உள்ள எல்லா மீனையும் போல. பால் ஊற்ற வந்த அக்கா, "பரவால்லீங்க, நிமிந்துருச்சு" என்று சந்தோஷப்பட்டாள். இந்த மீனுக்கு நிமிர்வதுதான் சீக்கு என்று எனக்குத் தெரியும். தண்ணீரை மாற்றினேன். கொட்டாங்குச்சியைப் பக்கத்தில் நகர்த்தினேன். மீசைகூட அசையவில்லை. சாயங்காலம் போய்விட்டது. கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்து அண்ணனிடம் சொன்னேன். "செரி" என்றார்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம் ரசம் சோறு வைத்தேன். முதல் வாய் உள்ளே போனது. நான் பதிலுக்குப் பதில் சொல்லத் தயாராக நின்றேன். அவர் தட்டைத் தள்ளவில்லை. இரண்டாவது வாயும் சாப்பிட்டார்.

"நல்லாருக்குது அம்மிணி."

சமையலறைக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உப்பு ஜாடியை எடுத்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் போடட்டுங்களாண்ணா? டாக்டர்கிட்டச் சொல்ல மாட்டேன்."

"வேண்டாஞ்சாமி" என்றார். "இதே போதும்."